பியர்பொன்ட்ஸ் பஸ்ஸில் ஒரு மச்சாள்

பேத்தியின் முகத்தை முதன்முதலாகப் பார்க்க என்ன விலை? மொன்றியல் விமான நிலையத்தில் பதினொரு டொலர், பஸ் டிக்கெட். டாக்சிக்காரன் அறுபது கேட்டான். நான் நாற்பதில் பேரம் தொடங்கினேன். அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டான். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் துணிக்கடை வைத்த கணேசலிங்கத்துக்கு இப்படியொரு அவமானம். வேலை முடிந்ததும் வந்து ஏற்றுவதாக மருமகன் வினோஜன் சொல்லித்தான் இருந்தான். பொறுக்க முடியவில்லை. ஒரு பஸ், மெற்றோ, பிறகு சென்ட் லோரன்டில் பியர்பொன்ட்ஸ் பஸ் என்று நகரத்தையே சுற்றினேன்.

நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. சனம் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் சாரதியும் நானும்தான். ஈரக் கம்பளியின் மணம். வெளியே பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"தூரமோ?" என்றது பக்கத்து இருக்கை.

கறுப்புக் கோட்டில் ஐம்பது வயதுப் பெண். எப்போது ஏறினாள் என்று யோசித்திருக்க வேண்டும். எங்கள் சனம் எல்லோரும் செய்கிற பிழையைத்தான் நானும் செய்தேன். ஊர் விசாரித்தேன். ஊருக்குப் பிறகு ஒழுங்கை, ஒழுங்கைக்குப் பிறகு ஆட்கள். கொக்குவில் குணரத்தினத்தின் தங்கை என்றாள்.

"குணரத்தினமோ? அவர் எனக்கு மச்சான் முறையெல்லே," என்றேன் பெருமையாக.

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

குணரத்தினத்துக்கு ஒரே தங்கை. மொன்றியலில் செத்துப்போனவள். அவளுடைய அந்தியேட்டிக்கு, முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, வேட்டி எடுத்ததே என் கடையில்தான்.

பஸ் நின்று கதவு திறந்தது. குளிரில் என் மூச்சு புகையாக எழுந்தது.

அவளிடமிருந்து எழவில்லை.

"பன்னிரண்டு வருசமா இந்த பஸ்ஸிலதான். ஒருத்தரும் எனக்கு முறை சொல்லேல்ல," என்றாள். "நானும் வாறன் அத்தான். பிள்ளையைத் தூக்க வேணும்."

"சொன்ன முறையைத் திருப்பி எடுக்கிறன்."

"வித்த துணியைத் திருப்பி எடுப்பியளோ, அத்தான்?"

கடையைப் பற்றியோ பேத்தியைப் பற்றியோ நான் அவளிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

மணியை அடித்து இறங்கினேன். வீட்டுக்கு இன்னும் மூன்று தரிப்பிடம். முழங்கால் பனியில் பெட்டியை இழுத்துக்கொண்டு, பேயை விரட்டும் என்கிற தூஷணமெல்லாம் அவளுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொல்லிச் சொல்லி நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் வித்தியா கதவைத் திறந்தாள். நான் சப்பாத்தைக் கழற்றி நிமிர்ந்தேன். அவள் நிலத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"அப்பா, உங்களோட ஆர் வந்தது?"

என்னுடையதற்குப் பக்கத்தில் இன்னொரு சோடி. பொம்பிளைச் சப்பாத்து.

எடுத்து வெளியே எறிந்தேன். கதவைப் பூட்டினேன். பிள்ளையின் அறை வாசலுக்குக் குறுக்கே கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

இன்றோடு ஒன்பது நாள். கதிரை அங்கேதான், நானும் அங்கேதான். பேத்தி என் மடியில் தூங்குகிறாள். தூக்க வருகிறவள் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும். விசா ஆறு மாதம்.

சப்பாத்தை வெளியே எறிந்தது பதினேழு தரம். உள்ளே கண்டது பதினெட்டுத் தரம்.

எறிய ஒன்று பாக்கி. இதோ, எழும்புகிறேன்.