லெங்கின் கை

இரண்டாவது குழியிலும் அதே கைதான் இருந்தது.

இடது முன்கை. நடுவில் ஒடிந்து, கோணலாகக் கூடிய எலும்பு. சிறுவயதில் லிச்சி மரத்திலிருந்து விழுந்த அண்ணன் லெங்கின் கை அப்படித்தான் இருக்கும். அதை அடையாளம் கண்டுதான், முதல் குழியில் கிடைத்த எலும்புகளைச் சூன் கழுவி வெள்ளைத் துணியில் பரப்பியிருந்தான். கொண்டுவந்தது ஒரே ஒரு தகரப் பெட்டி. கடலுக்கு அப்பால், சீனத்தில், அண்ணி கல்லறை கட்டிக் காத்திருந்தாள். எலும்பு ஊர் சேராதவனுக்குச் சோறு படைக்க வழியில்லை.

"இது வேற ஆளோட எலும்ப எடுக்கத் தோண்டின குழி," என்றான் தாம் கீ. எலும்பு எடுக்க ஊர்ச் சங்கம் அனுப்பிய ஆள். "உங்க அண்ணனுக்கு எத்தனை கை தம்பி?" என்று சிரித்தான்.

லெங்கையும் அவனோடு தண்டவாளம் போட வந்தவர்களையும் பனிச்சரிவு கூடாரத்தோடு மூடிய பள்ளத்தாக்கு அது. பைன் பிசின் வாசனையும் ஈரமண்ணின் புளிப்பும் கலந்த காற்றில், கரிபிடித்த அடுப்புக் கற்களுக்கும் உடைந்த சோற்றுக் கிண்ணங்களுக்கும் மேலாக, கீழே ஆறு கூழாங்கற்களை உருட்டும் சத்தம் யாரோ பல்லை நறநறப்பதுபோல விடாமல் கேட்டது.

மூன்றாவது குழி. கோணல் கை.

நான்காவது. கோணல் கை.

தாம் கீ இப்போது சிரிக்கவில்லை.

"யாரும் தேடி வராத பயலுக. உங்க அண்ணன் மாதிரி வேஷம் போட்டாவது வீட்டுக்குப் போகணும்னு பாக்குறானுக. ஏதாவது ஒண்ணப் பெட்டியில போட்டு மூடு தம்பி. உங்க அண்ணிக்குத் தெரியவா போகுது?"

"வாய மூடுய்யா. எவனோ ஒருத்தனுக்கா அவங்க காலமெல்லாம் அழணும்?"

"அப்ப நீயே பாரு. நான் கழுதைய அவுக்கப் போறேன்."

காலடி ஓசை சரிவில் இறங்கித் தேய்ந்தது. சூன் மண்டியிட்டான். துணியில் நான்கு மண்டை ஓடுகள். எல்லாம் ஒரே மண் வாசனை.

வீட்டில் அவனுக்கு ஓர் அசிங்கப் பெயர் உண்டு, பேயின் கண் படக்கூடாது என்று வைத்தது. அதைச் சொல்லிக் கூப்பிட உயிரோடு யாரும் மிச்சமில்லை.

"அண்ணா, என்னைக் கூப்பிடு. ஒரே ஒரு தடவை."

ஆற்றின் சத்தம் நின்றது.

"நாய்க்குட்டி."

அண்ணனின் குரல். துணியின் ஓரத்திலிருந்து. அழுதுகொண்டே அந்த மண்டை ஓட்டை வாரி நெஞ்சோடு அணைத்தான்.

"நாய்க்குட்டி."

பக்கத்து ஓடு.

"நாய்க்குட்டி."

முதுகுக்குப் பின்னால். இன்னும் தோண்டாத மேடு. வாய் நிறைய மண்ணோடு.

பிறகு சரிவு முழுவதும். அதே குரல்.

மேடுகள் பிளந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோணல் கை, இடுப்பில் தூக்கச் சொல்லும் குழந்தையின் கையைப்போல, அவனை நோக்கி நீண்டது.