கத்தினால் வரும் படம்

மாலை ஆறேகாலுக்குத் தெரு முழுக்கப் படம் செத்தது.

எல்லா வீட்டு டிவியிலும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி. செய்தி வாசித்த பெண்ணின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, கறுத்தது. ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு வரி மட்டும் மிதந்தது. பழைய ஒளிபரப்பாக இருந்தால் புள்ளியும் கோடுமாகவாவது ஏதோ தெரியும். இந்த டிஜிட்டலுக்கு அந்தத் தாட்சண்யமெல்லாம் கிடையாது. வந்தால் பளிச்சென்று வரும், இல்லாவிட்டால் சுத்தமாக இல்லை.

தெரு பழி போட்டது டிவி ரிப்பேர் கடைக்காரர் மேல். பழைய ஒளிபரப்பு நின்றபோது வீடு வீடாக ஏறி டிஜிட்டல் பெட்டி விற்று மாட்டிக் கொடுத்தவர் அவர்தான். அதனால் ‘பெட்டிக்காரர்’ என்றே பெயர். அன்று முதல் சாயங்காலமானால் படம் போகிறது. ஆகவே பெட்டி போலி. விசாரணையே இல்லாமல் தீர்ப்பு!

இன்று அவர் முகத்தில் ஈயாடவில்லை. கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இன்றைக்கும் படம் போனால் நாளைக்குக் கடையைக் காலி செய்ய வேண்டும். இன்றைக்கு என்ன சாதாரண நாளா? ஏழு மணிக்குப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று, நேரலையில். பாடப்போவது பக்கத்து வீட்டு டைலரம்மாவின் மகள்.

கடைக்குள் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள் அவருடைய மச்சினி. அலைவரிசைக் கண்காணிப்பு அதிகாரி. எந்த சேனலுக்குக் காற்றில் எந்த இடம் என்று பிரித்துக் கொடுப்பதும், அங்கே குறுக்கே புகுகிறவர்களைப் பிடிப்பதும் அவளுடைய அலுவலகத்தின் வேலை.

“மூஞ்சியை இப்படி வச்சுக்காதீங்க அத்தான். அக்கா பார்த்தா சிரிப்பா.”

“உனக்கு விளையாட்டா இருக்கு. உங்க ஆபீஸ் வேன் ரெண்டு தடவை ஜம்முனு வந்துச்சு. காத்துல ஒரு குறையும் இல்ல, பெட்டியைப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. என் மானமும் கூடவே போச்சு.”

“அதான் வேன் இல்லாம வந்திருக்கேன்.”

கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவு மீட்டரை எடுத்தாள். திரையில், சேனலுக்கு ஒதுக்கிய இடத்தின் மேலேயே ஒரு கூர்மையான கோடு நெட்டுக்குத்தாக நின்றது.

“அடேயப்பா! யாரோ நம்ம சேனல் மேல ஏறி உட்கார்ந்திருக்காங்க. உங்க பெட்டி தங்கம் அத்தான்!”

“யாரும்மா அந்தப் படுபாவி?”

பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஹெட்மாஸ்டர் வெளியே வந்தார். பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார், இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தார். அவர் பின்னால் வீடு கும்மிருட்டாக இருந்தது. தெருவைக் கடந்து விறுவிறுவென்று வந்தவர், கடைப் படியில் நின்றே ஆரம்பித்தார்.

“முதல்ல அந்த பல்பை அணைப்பா, வெளியில வெளிச்சம் இருக்கில்ல! என்னப்பா நினைச்சிட்டிருக்கே? ஊரை ஏமாத்தி...”

“வந்துருச்சு! படம் வந்துருச்சு!” ஜன்னல் வழியாக டைலரம்மா கூவினாள்.

மச்சினி மீட்டரைப் பார்த்தாள். கோட்டைக் காணோம்.

“பார்த்தியாம்மா?” ஹெட்மாஸ்டர் மீசையைத் தடவினார். “உள்ள எதையோ திருகி வச்சிருக்கான். நான் வந்து நாலு சத்தம் போட்டா பயந்து சரிபண்ணிடறான்.”

“ஆமாம்மா,” என்றாள் டைலரம்மா. “படம் போனா நாங்களே சாரைக் கூப்பிட்டு விடுவோம். ஆனா அவர் தலை மறைஞ்சா மறுபடி போயிடும்.”

மச்சினியின் கண் மின்னியது.

“சார், எங்க வேன் வந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?”

“வேன் பக்கத்துலதான். புகார் கொடுத்தவனே நான்தானே!”

“வீட்ல அம்மா?”

“மக வீட்ல. பேரன் பிறந்திருக்கான். டிஜிட்டல் வர்றதுக்கு முன்னாடியே போனவ இன்னும் வரலை.”

“இப்ப உங்க வீட்ல டிவி ஓடுதா?”

“நல்லா கேட்டே போ! ஆளில்லாத வீட்ல டிவியா? மெயினையே அணைச்சிட்டுத்தான் நான் படி தாண்டுவேன்.”

“ஒரு உதவி சார். வீட்டுக்குப் போய் டிவியைப் போடுங்களேன்.”

முணுமுணுத்துக்கொண்டே போனார். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. மீட்டரில் கோடு மறுபடி எழும்பியது.

“ஐயோ போச்சே! என் பொண்ணு பாடற நேரமாச்சே!” டைலரம்மா அலறினாள்.

“அத்தான், இன்னிக்கு நீங்க கத்துங்க. சாரைக் கூப்பிடுங்க.”

பெட்டிக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக கட்டடச் சொந்தக்காரரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். வீடு இருண்டது, பூட்டு இரண்டு தடவை இழுபட்டது. ஹெட்மாஸ்டர் வந்து சேர்வதற்கு முன்பே படம் வந்துவிட்டது.

“சார், குற்றவாளி உங்க மொட்டை மாடியில இருக்கு,” என்றாள் மச்சினி. “பழைய ஆன்டெனாவுல ஒரு பூஸ்டர் மாட்டியிருக்கீங்களே, இங்கிருந்தே தெரியுது, அதுதான்.”

“அதுவா! புள்ளி புள்ளியா இருந்த படத்தைக் கண்ணாடியாக்கின பூஸ்டராச்சே!”

“இப்ப பழுதாகி, அதுவே ஒரு ஒலிபரப்பு நிலையம் மாதிரி அலை கக்குது. முன்னாடியும் கக்கியிருக்கும். அந்த இடத்துல எந்த சேனலும் இல்லாததால யாருக்கும் தெரியலை. டிஜிட்டல் வந்ததும் சேனலுக்கெல்லாம் இடம் மாத்தினோம். எங்க ஆபீஸே கொண்டுபோய் இந்த சேனலை அதே இடத்துல குடிவச்சிருச்சு. நீங்க டிவி போட்டா பூஸ்டருக்கும் உயிர் வருது, தெருவுக்கே படம் போகுது. கோபத்துல மெயினை அணைச்சிட்டு வர்றீங்க, படமும் வருது. எல்லாரும் உங்க சத்தத்தைக் கவனிச்சாங்க, பின்னாடி இருண்ட வீட்டை யாரும் பார்க்கலை. வேன் வந்தப்பவும் இதே கதைதான்.”

ஹெட்மாஸ்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“தெருவே கேட்க உன்னைத் திருடன்னு சொன்னேனேப்பா,” என்றார். “தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடு.”

“விடுங்க சார். பூஸ்டரை நாளைக்கு நானே இறக்கித் தர்றேன்,” என்ற பெட்டிக்காரர் மெல்ல இழுத்தார். “அப்புறம்... கடையைக் காலி...”

“காலி பண்ணித்தான் பாரேன், அப்ப தெரியும் சேதி!”

இனி மொட்டை மாடிக்கு ஏறி இறங்க நேரமில்லை. தெரு படம் பார்க்க வேண்டுமானால் ஹெட்மாஸ்டர் வீட்டு டிவி ஓடக்கூடாது. எனவே அவரைக் கடைக்குள் அழைத்து, மச்சினி தன் ஸ்டூலையே கொடுத்தாள். ஏழு மணிக்கு டைலரம்மாவின் மகள் திரையில் வந்து நின்று வாய் திறந்தாள். ஒரு கட்டம்கூட உடையவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் கைதட்டல்.

ஹெட்மாஸ்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கையை நீட்டிக் கடை பல்பை அணைத்தார்.

“டிவி வெளிச்சமே போதுமே,” என்றார்.

நல்லதாகப் போயிற்று. அந்த இருட்டில் பெட்டிக்காரர் நிம்மதியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.