உப்பு, வடிகட்டி, துடைத்த வரிகள்

செவ்வாயில் விடிந்தால் இரண்டு வரிசை. காற்றுக்குடுவையை நிரப்பிக்கொள்ள ஒன்று, அழித்ததைத் திரும்ப வாங்க ஒன்று. அங்கே காகிதம் கிடையாது. வீட்டுக்கு வீடு எழுத்து மென்பொருள் ஓடும் சுவர்ப்பலகைதான். விரலால் எழுதினால் பதியும், உள்ளங்கையால் துடைத்தால் போய்விடும். போய்விடும் என்றால் முழுசாகப் போகாது, கண்ணுகளா. துடைத்தது அத்தனையும், அந்த இரண்டாவது வரிசை போகும் மீட்பகத்தின் அழிபதிவில் இரண்டு வருஷம் கிடக்கும். அப்புறம் இடம் பற்றாது என்று ஒரேயடியாகக் கழுவிவிடுவார்கள்.

மாசிலாமணி வீட்டுப் பழைய வரிகளுக்கு அன்றுதான் கடைசி நாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் மனைவி யாழரசி, வியாழனின் நிலவொன்றில் பனிச்சுரங்க வேலைக்கு ஏழு வருஷ ஒப்பந்தத்தில் கிளம்பிப் போனாள். போவதற்கு முந்தின பதினோரு நாளும், அவன் வேலை முடிந்து உள்ளே நுழையும்போதெல்லாம் பலகையில் எதையோ அவசரமாகத் துடைத்தாள். என்ன எழுதினாள்? தன்னை வெறுத்துத்தான் போனாளா? அது ஒன்று தெரிந்தால் போதும் அவனுக்கு.

வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற ஸ்டெல்லா அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"என்ன மாசிலா, சமையல் குறிப்பைத் துடைச்சிட்டியா? நீ வைக்கிற ரசத்துக்கு அது போனதே நல்லதுடா."

"இல்லக்கா. யாழு எழுதினது. இன்னிக்குக் கழுவிடுவாங்களாம்."

அக்கா அதற்கு மேல் சிரிக்கவில்லை. ஒதுங்கி நின்று, அவனை முன்னால் போகச் சொன்னாள்.

மேடையில் மீட்பான் என்ற எந்திரம் இருந்தது. அழிந்த எழுத்தைத் தானே தேடி, தானே ஒட்டித் தருவது அதன் வேலை.

"பலகை உங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது, எடுக்கலாம்" என்றது. "பதினோரு நாளும் ஒரே ஆவணம். தலைப்பு, வீட்டுக்கு வேண்டியவை. உப்பு, காற்று வடிகட்டி இரண்டு. இவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது. துடைத்த வரிகளை நேர வரிசையில் கோத்துத் தரட்டுமா?"

"குடு."

திரையில் வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

*போகட்டுமா வேண்டாமான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே.*

*யாழு, போகாதே.*

*இருன்னு சொன்னா இருந்துடுவேன்.*

*நான் தடுத்தா அந்தக் குறை உனக்குக் கடைசிவரை இருக்கும். ஆனாலும் போகாதே.*

*பெட்டி கட்டியாச்சு. இப்பவாவது சொல்லுங்க.*

*நீ இல்லாத வீட்டுக்கு எனக்கு எதுக்கு ரெண்டு வடிகட்டி?*

பகலில் அவள் எழுதித் துடைத்திருக்கிறாள். அவள் இரவு வேலைக்குப் போனதும், அதே இடத்தில் அவன் எழுதித் துடைத்திருக்கிறான். தன் வரிகள் அவனுக்கு நினைவிருந்தன. அவை பதில்கள் என்பதுதான் அன்றைக்குத் தெரியாமல் போயிற்று.

"ஒரு சந்தேகம் ஐயா" என்றது மீட்பான். "கை தவறித் துடைப்பவர்களுக்காக என்னைச் செய்தார்கள். இதில் ஒரு வரிகூடக் கை தவறியதாகத் தெரியவில்லையே?"

"அவளுக்கு எழுதணும்" என்றான் மாசிலாமணி.

வியாழனுக்குச் செய்தி போய்ச் சேர நாற்பது நிமிஷம். பக்கத்திலிருந்த பலகையில் எழுதினான். அவள் தலையணையை இன்னும் எடுத்து வைக்கவில்லை என்று எழுதினான். ஒப்பந்தம் கிடக்கட்டும், அடுத்த கப்பலில் வந்துவிடு என்று எழுதினான். பன்னிரண்டு வரி. கடைசி வரியில் விரல் நின்றது. உள்ளங்கை மெல்ல மேலே எழுந்தது.

"அனுப்பவில்லையா?"

"அனுப்பினா படிச்சிடுவாளே."

"அதற்காகத்தானே எழுதினீர்கள்?"

"வேலை செய்யுற இடத்துல மனசு கலங்கிடும். இங்கேயே கிடக்கட்டும். ரெண்டு வருஷம் பத்திரமா இருக்கும்ல?"

"இருக்கும்" என்றது மீட்பான். வேறென்ன சொல்லும், பாவம்.

அவன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒரே வரி அனுப்பினான். *உப்பு வாங்கியாச்சு.*

எண்பது நிமிஷம் கழித்து வீட்டுப் பலகையில், 'யாழரசி எழுதுகிறார்' என்று வந்து, பக்கத்தில் மூன்று புள்ளிகள் துடித்தன. நின்றன. மறுபடி துடித்தன. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததைக்கூட அவன் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே போனது. கடைசியில் பதில் வந்தது.

*சரிங்க.*

பூமியை விட்டுக் கிளம்பியபோது, கனம் தாங்காது என்று மனிதர்கள் எத்தனையோ சாமான்களைப் போட்டுவிட்டு வந்தார்கள். அந்த மூன்று புள்ளிகளை மட்டும் பத்திரமாக எடுத்து வந்திருந்தார்கள்.