சப்பரத்து உப்பு

தெருவெல்லாம் உப்பும் மிளகும் சிதறிக் கிடந்தும், ஓரமாய் நின்ற ஆடுகளில் ஒன்றுகூட அதில் வாய் வைக்கவில்லை. பட்டாபிராமன் அதைப் பார்த்தார்; பார்த்ததோடு சரி. பரவைக்குச் சற்று முன்னால், பேர் தெரியாத ஒரு சிற்றூரில் மாதா கோயில் திருவிழாவின் செபஸ்தியார் சப்பரம் சாலையை மறித்துக்கொண்டிருந்தது. பஸ் நகர வழியில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மடியில் ஆறு வயது ஜானு கொய்யாப்பழத்தோடு உட்கார்ந்திருந்தாள். மனைவி ஸ்யாமளா போன பிறகு அவருக்கென்று மிஞ்சியது இந்தக் குழந்தை ஒன்றுதான்.

சாம்பிராணிப் புகையும் உருகும் மெழுகின் வாடையும் வேட்டு மருந்தின் நெடியும் கலந்து ஜன்னல் வழியே வந்து தொண்டையில் உட்கார, சுருதி தப்பிய பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் ஜிகினாத் தாள் சுற்றிய மூங்கில் சப்பரம் ஆடி ஆடி வந்தது. உள்ளே ரோஸ் பெயிண்ட் அடித்த உடம்பில் அம்புகள் தைத்த சாமி. தன் உடம்பையே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதவர் ஊரைக் காப்பாற்றுகிறாராம். பட்டாபிராமனுக்குச் சிரிப்பாக வந்தது.

பக்கத்து இருக்கையில் இருந்த ஒச்சாயி, கைப்பிடி உப்போடு எழுந்தாள். நெற்றி நிறையத் திருநீறு; கழுத்தில் எலுமிச்சை அளவு கழலை.

“ஏம்மா, உங்க ஊர்ல சாமியே இல்லையா?”

“இருக்கு சாமி. நோவுக்கு இவருதான்” என்றபடி இறங்கினாள்.

சப்பரம் பஸ்ஸை உரசினாற்போல் போனது. நாலாபுறமும் இருந்து உப்பு பறந்தது. எறிந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். ஜன்னல் விளிம்பிலும் ஒரு குவியல் விழுந்தது.

“அப்பா, பழத்துக்கு உப்பு வேணும்ப்பா.”

“கேட்டதும் கொட்டறது பார்” என்று அதை வழித்துப் பழத்தில் தடவிக் கொடுத்தார். ஜானு கடித்தாள்.

திரும்பி ஏறிய ஒச்சாயி அலறினாள். “என்ன காரியம் பண்ணிட்டீக! துப்பச் சொல்லுங்க சாமி!”

“உப்புதானே?”

“அவுகவுக நோவச் சொல்லி எறிஞ்சது. நாங்க மிதிக்கக்கூட மாட்டோமே!”

ஊரே கூடி இப்படிப் பைத்தியமா என்று நினைத்தார். அவளுக்குக் கேட்க வேண்டுமென்றே, “ஜானு, நன்னாத் தொட்டுண்டு சாப்பிடு” என்றார்.

பஸ் கிளம்பியது. ஜானு இருமினாள். குழந்தை இருமல் இல்லை அது. பீடி குடித்துத் தேய்ந்த நெஞ்சிலிருந்து வரும் ஈரமான, கரகரத்த இருமல். முதுகைத் தட்டிக் கொடுத்தார். உள்ளே ஏதோ களகளத்தது.

ஒச்சாயி முந்தானையால் கழுத்தைப் போர்த்தியிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். முந்தானை நழுவியது. கழுத்து வழவழவென்று இருந்தது.

“என் நோவு பிள்ளை கிட்ட போகணும்னு நான் கேக்கல சாமி. மாதாவுக்குச் சத்தியமா கேக்கல.” எழுந்து பின்னால் போய்விட்டாள். முன் இருக்கைக்காரர்களும் எழுந்தார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் விரல்கள் மகளின் தாடைக்கடியில் போயின. சூடாக ஒரு கட்டி. தொடத் தொட வளர்ந்தது.

“கண்டக்டர், நிறுத்துங்கோ! குழந்தைக்கு முடியலை!”

“இங்ஙன எறங்கி என்ன பண்ணுவீக? ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு போனாத்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி கெடைக்கும்” என்றார் கண்டக்டர், தூரத்தில் நின்றபடியே.

“துப்புடி. என் கண்ணில்லையா, துப்பு.” வாய்க்குள் விரலை விட்டார். எல்லாம் விழுங்கியிருந்தாள். தப்பு. பெரிய தப்பு. செபஸ்தியாரே என்று வாய் தானாகச் சொன்னது.

ஜானுவின் கை நடுங்கியது. யாரோ ஒரு கிழவியின் நடுக்கம். அந்தக் கை அவர் மூக்கைத் தடவியது, கன்னத்தைத் தடவியது, எங்கே என்று தேடியது.

“அப்பா, அதுக்குள்ள இருட்டிடுத்தா?”

மேற்கு வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. இமைக்காமல் திறந்திருந்த இரண்டு கண்களிலும் கருவிழி இல்லை. பால்வெள்ளை மட்டும்.