பதினாலு கட்டிலுக்கு ஓர் ஆள்

மத்தியானம் இரண்டு மணிக்கு வாத்தியாரைப் புரட்டிப் படுக்கவைக்கப் போனபோது, அவர் ஏற்கெனவே இடப்பக்கமாகப் படுத்திருந்தார். முதுகில் பவுடர் பூசியிருந்தது. புது விரிப்பு சுருக்கமில்லாமல் மெத்தைக்கடியில் செருகப்பட்டிருந்தது. முதியோர் இல்லத்தின் அந்த மாடியில் பதினாலு கட்டில்கள். பார்த்துக்கொள்ள அவள் ஒருத்திதான்.

"யாரு சார் திருப்பிவிட்டா?"

கண் தெரியாத வாத்தியார் சிரித்தார். "பெரியக்காதான். கைதான் ஜில்லுன்னு இருந்துச்சு."

அந்த மாதம் வேலைக்காரர்களில் மூன்று பேர் போயிருந்தார்கள். ஒருத்தி துணிக்கடைக்கு, அங்கே யாரும் மேலே வாந்தி எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டே போனாள். இன்னொருத்தி சொல்லாமலே நின்றுவிட்டாள். பதினோரு வருஷம் உழைத்த பெரியக்கா, மாற்றிவிட ஆளில்லாமல் நான்கு நாள் இரட்டை டூட்டி பார்த்துவிட்டு, துணி மடிக்கும் அறையில் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருந்தாள்.

அதன் பிறகு தினமும் அதே கதைதான். எந்த அறைக்குப் போனாலும் வேலை அவளுக்கு முன்பே முடிந்திருந்தது. ஈரத் துணியும் கிருமிநாசினியும் கலந்த வாடை, யாரோ அப்போதுதான் நகர்ந்துபோன இடத்தில் அசையாமல் நின்றது. வராந்தாவின் கோடியில் ரப்பர் செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போய் அடுத்த அறைக்குள் அடங்கியது. பயத்தோடு பயமாக, முதுகுவலி குறைந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. இரண்டு நாளாக வாத்தியாரை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேலைதான் நடந்துவிடுகிறதே.

அப்படி நினைத்த அன்றுதான் தன்னைக் கண்டே அவளுக்குப் பயம் வந்தது. மேலாளரிடம் போய், இரண்டு ஆள் போடாவிட்டால் இன்றோடு நின்றுவிடுவேன் என்றாள். அவர் குறிப்பேட்டைப் புரட்டினார். பதினாலு பேருக்கும் எல்லாம் நேரத்துக்கு நடந்திருக்கிறதே என்றார். யார் செய்கிறார்கள் என்று அவள் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஆள் தேவை விளம்பரத்துக்கு எழுதிவைத்திருந்த தாளை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"அவங்க லீவு கேக்கறதில்லம்மா."

அவள் ஏப்ரனைக் கழற்றி அவர் மேசையில் வைத்தாள். வாத்தியாரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போகலாம் என்று மாடியேறினாள்.

வராந்தா முழுக்க வெயில். ஆனாலும் குளிர்ந்தது. வாத்தியாரின் அறையில், கிண்ணத்தைக் கரண்டி சுரண்டும் சத்தம். கதவைத் தள்ளினாள்.

வாத்தியார் செத்திருந்தார். எப்போதோ. தாடை தொங்கியிருந்தது. வாய் நிறையக் கஞ்சி. கழுத்தில் கஞ்சி. தலையணையில் காய்ந்த கஞ்சி. கரண்டி மறுபடியும் வாய்க்குப் போனது.

பெரியக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தாள். விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் பிடி. ஒரு ஆளால ஆகாது."

ஓட வேண்டும். கால் நகரவில்லை.

கைகள் நகர்ந்தன. பழகிய கைகள். குனிந்து, மறுமுனையை இறுகப் பற்றின.

தூக்கினார்கள். வாத்தியாரின் தலை அவள் பக்கம் சாய்ந்தது. கஞ்சி அவள் விரல்களின்மேல் வழிந்தது.