இறுக்கிப் பிடிச்சிருங்கோ

ஜேர்மனியில், வுப்பர்டாலில் அந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோன காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. 2003, பங்குனி மாதம். மலைச்சரிவில் நின்ற பழைய வீடு அது. கீழே வீட்டுக்காரி ஃபிராவ் ஹெல்விக் தனியே இருந்தார். கூரையோடு ஒட்டிய மேல்மாடி எங்களுக்கு. சுபத்ரா அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு வயது மகன் உதய், நான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டதால் பகலில் உதயைப் பார்ப்பது என் வேலை.

உதயின் அறையில் கூரை சரிந்து இறங்கியது. அந்தச் சரிவுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், சுவரில் ஒரு சின்னக் கதவு. பெட்டிகள் தள்ளிவைக்கிற இருட்டு இடுக்கு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான்.

அறை சூடாகவே இல்லை. ஹீட்டரைத் தொட்டால் கை சுடும். கொஞ்சம் தள்ளி நின்றால் மூச்சுப் புகையாக வரும். ஈரக் கம்பளியும் வினாகிரியும் கலந்த ஒரு மணம் அங்கேயே தங்கியிருந்தது.

சித்திரை பிறந்த கையோடு உதய்க்குக் கொப்புளிப்பான் போட்டது. ஊரில் அம்மாள் வருத்தம் என்போம், அம்மன் வீட்டுக்கு வந்து தங்கும் அம்மை நோய். அக்கா தமிழ்க்கடையில் சொல்லிவைத்து வேப்பிலை எடுப்பித்தாள். பாதி காய்ந்துதான் வந்தது. அதை வாசலில் கட்டி, மீன், இறைச்சி என்று மச்சச் சமையலை நிறுத்தினாள்.

அன்று பின்னேரம் உதய் கடி தாங்காமல் வீரிட்டு அழுதான். நான் அறைக்கு ஓடினேன். நான் போகுமுன் அழுகை நின்றுவிட்டது.

"ஷ்ஷ்..."

அவனுடைய குரல் அல்ல. கட்டில் விளிம்பில் மெத்தை அமுங்கியிருந்தது, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல.

என் பின்னால் வந்த அக்கா கைகூப்பினாள்.

"அம்மாள் வந்திருக்கிறா, சாரு," என்றாள் மெதுவாக. "பார், என்ன குளிர்ச்சி."

வேலையால் வந்த அத்தானுக்குச் சிரிப்பு. "ஜேர்மனிக்கு வர அவவுக்கு ஆர் விசா குடுத்தது?" என்றார். அக்கா சிரிக்கவில்லை. அவளுடைய மூத்த மகள், இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன வழியில், காய்ச்சலில், அவள் மடியிலேயே போனவள். மருந்துக்கு வழி இருக்கவில்லை.

அம்மாளை யாரும் போ என்று சொல்வதில்லை. நாங்களும் சொல்லவில்லை. கட்டிலருகே அம்மாள் இருக்கக் கதிரை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, செம்பில் மஞ்சள் தண்ணீர் வைத்தோம். அக்கா அந்த வெற்றுக் கதிரைக்கு முன்னால் நிலத்தில் நெற்றி பட விழுந்தாள்.

"மூத்தவளை நான் விட்டிட்டன் அம்மா. இவனையாவது ஆருக்கும் குடுத்திடாதேங்கோ. இறுக்கிப் பிடிச்சிருங்கோ."

காலையில் செம்புத் தண்ணீரின் மேல் பனிக்கட்டி படர்ந்திருந்தது. அக்கா அதையும் நல்ல சகுனம் என்றாள்.

மத்தியானம் காய்ச்சல் ஏறியது. உதயின் நெஞ்சு விசில் அடித்தது. அம்மாளைக் கும்பிட்ட கையாலேயே அக்கா தொலைபேசியை எடுத்து அம்புலன்சைக் கூப்பிட்டாள். குசினியில் காயப்போட்டிருந்த அவனுடைய உடுப்புகளை எடுக்கப் போனாள்.

மணி அடித்தது. கதவு திறக்க நான் கீழே ஓடினேன். சீருடை போட்ட இரண்டு பேர். அவர்களுடைய கனத்த சப்பாத்துகள் மரப்படிகளில் இடித்துக்கொண்டு ஏறின.

மேலேயிருந்து கேட்டது.

"ஷ்ஷ்..."

கட்டில் வெறுமையாக இருந்தது.

போர்வை இன்னும் சூடாக இருந்தது. அக்கா அவன் பெயரைக் கூப்பிட்டபடி அறை அறையாக ஓடினாள். வந்தவர்கள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். எனக்கு மட்டும் வினாகிரி மணம் வரும் திசை தெரிந்தது.

சின்னக் கதவு. தாழ்ப்பாள் வெளியே போட்டபடி இருந்தது.

நான்தான் திறந்தேன்.

உதய் பெட்டிகளுக்குப் பின்னால், ஒருவர் மடியில் கிடப்பதுபோல் சுருண்டு கிடந்தான். கொப்புளங்கள் நிறைந்த முகத்தில், வாய்க்குக் குறுக்கே, நான்கு விரல்களின் வெளிறிய தடம்.

வந்தவர்கள் அவனை நிலத்தில் கிடத்தி, நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் எழுந்து, கையுறையைக் கழற்றினார்.

காய்ச்சல் மயக்கத்தில் பிள்ளை தானே உள்ளே தவழ்ந்திருக்கும் என்று விசாரிக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். தாழ்ப்பாளைப் பற்றி நான் சொன்னதை யாரும் எழுதவில்லை.

செத்தவீடு முடிந்தபின் ஃபிராவ் ஹெல்விக் படியேறி வந்தார். அக்கா படுத்திருந்தாள். என்னிடம்தான் சொன்னார், டொச் மொழியில், தாழ்ந்த குரலில். நூறு வருடத்துக்கு மேல் முந்தி, ஜேர்மனியைக் கைசர் ஆண்ட காலத்தில் பெரியம்மை இந்தத் தெருவில் எத்தனையோ பிள்ளைகளைத் தின்றதாம். அதன்பிறகு எல்லாப் பிள்ளைக்கும் அம்மைப்பால் குத்தவேண்டும் என்று சட்டம் வந்தது. இதே மேல்மாடியில் இருந்த நெசவுக்காரியின் மூத்த பெண்ணுக்குக் குத்திய கை சீழ்ப்பிடித்து, அவள் இறந்துபோனாள். அடுத்த மகனுக்குக் குத்த அந்தத் தாய் சம்மதிக்கவில்லை. பொலிஸ் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய்க் குத்துவிப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். ஒருநாள் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இடுக்குக்குள் ஒளிந்தாள். அவன் அழாமல் இருக்க அவன் வாயைப் பொத்திப் பிடித்தாள்.

"பொலிஸ் அன்றைக்கு வேறு வீட்டுக்கு வந்தது," என்றார் ஃபிராவ் ஹெல்விக். "அவள் கையை எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது."

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது? அவள் யாரிடம் கேட்டாள் என்பதை? கேட்டது அப்படியே கிடைத்தது என்பதை?

அத்தான் வேறு வீடு பார்த்தார். அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். கதிரையை எடுக்கவும் விடவில்லை. வாசலில் வேப்பிலை சருகாகித் தொங்கியது.

போன கிழமை தபால்காரர் மணி அடித்தார். நானும் அக்காவும் உதயின் அறையில் இருந்தோம். சின்னக் கதவுக்குப் பின்னால் அந்த "ஷ்ஷ்" கேட்டது. அதைத் தொடர்ந்து, பொத்திய கைக்குள் அடங்காமல், ஒரு சின்னச் சிணுங்கல்.

உதய்.

நான் கதவை நோக்கி எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இருத்தினாள். அவன் போனபிறகு முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"திறக்காதை," என்றாள்.

தன் உதட்டில் விரலை வைத்தாள்.

"ஷ்ஷ்..."