குரல் எட்டும் தூரம்

மாட்டு மணிகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் நின்றுவிட்டன. எலொடி பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வேலிப் பக்கம் பார்த்தாள். பசுக்கள் அங்கேதான் அசைபோட்டுக்கொண்டிருந்தன. கழுத்துகள் ஆடின, கழுத்தில் கட்டிய மணிகளும் ஆடின, சத்தம்தான் வரவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த மூடுபனி ஈரக் கம்பளி நாற்றத்தோடு கொட்டகைக் கூரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானம் வழிதவறிய கன்றைத் தேடிப் போன அவள் கணவன் அலோய்ஸ் இன்னும் திரும்பவில்லை.

"சீஸை உருக்கி வை, வந்துடறேன். லொசான் பட்டணத்துக்காரி கை பட்டா அதுவும் கருகித்தான் போவும்" என்று சீண்டிவிட்டுப் போனவன். மேலே பாறைகள். அதற்கப்பால் கால்வைக்கத் தரை கிடையாது.

மாமனார் கஸ்பார் மரப்புனலை அவளிடம் நீட்டினார். காய்ச்சலில் அவர் தொண்டை அடைத்துப்போயிருந்தது. பேச்சு வெறும் காற்றாகத்தான் வந்தது.

"இன்னிக்கு நீதான் கூப்பிடணும், மருமகளே."

இருட்டுவதற்குள் பால் வடிகட்டும் புனலை வாயில் வைத்து மாதாவையும் புனிதர்களையும் கூப்பிடுவது இந்த மலை வழக்கம். குரல் எட்டும் இடம்வரை இரவில் கெட்டது அண்டாது. லொசான் ஏரிக்கரையில் பிரெஞ்சு பேசி வளர்ந்த எலொடிக்கு அது வேடிக்கை. ஒவ்வொரு கோடையிலும் வந்து போனில் படம்பிடித்துத் தோழிகளுக்கு அனுப்பிக் கொண்டாடுவாள். இன்றைக்குப் புனலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"புனிதருங்க பேரு மட்டுந்தான். இதுல மனுஷன் பேரச் சொல்லிடாத."

"சொன்னா என்ன ஆவும் மாமா?"

"எங்கப்பா சொல்லாதன்னாரு. நான் ஏன்னு கேக்கல."

மேட்டில் சிலுவையடியில் நின்று கூப்பிட்டாள். தெரிந்த பெயர்கள், தெரியாத பெயர்கள், நாக்கு குழறிய பெயர்கள். பனி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. இருட்டிவிட்டால் அவன் செத்தான் என்று அவளுக்குத் தெரியும். மூழ்குகிறவளுக்குத் துரும்பும் துணை. வழி தெரியாமல் தவிக்கிறவனுக்குத் தன் பெயர் கேட்டால் போதுமே!

"அலோய்ஸ்!"

"ஓய்!"

கீழிருந்து. அவன் குரலேதான். எலொடி அழுதுவிட்டாள். புல்லில் காலடிகள் சரசரவென்று வந்து வேலியருகே நின்றன. பனிக்குள் அவனுடைய தொப்பி, அவனுடைய தோள்.

"வாயேன்! ஏன் அங்கயே நிக்கற?"

அசையவில்லை.

"அலோய்ஸ்!"

"ஓய்!"

இது இடப்புறத்திலிருந்து.

அவள் திரும்பினாள். அங்கேயும் தொப்பி. அங்கேயும் தோள். நிஜமானவன் எங்கே? கீழே வந்தவனா, இவனா? புத்தி வேண்டாம் என்றது, வாய் கேட்கவில்லை. கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரு "ஓய்". ஒவ்வொரு திசையிலிருந்தும்.

கஸ்பார் தவழாத குறையாக மேடேறி வந்து புனலைப் பிடுங்கினார். அவர் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

காற்று வீசியது. பனி விலகியது.

வேலி நெடுக அலோய்ஸ். தோளோடு தோள் உரச. அதே முகம். அத்தனை கண்களும் அவள்மேல். அந்தக் குளிரிலும் ஒருவன் வாயிலும் மூச்சுப் புகை இல்லை.

"எலொடி!"

மேலே. பாறை விளிம்பில். ஒருவன் மட்டும் தனியாக, நொண்டிக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு. அவன் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது.

"இங்க இருக்கேன்! யாருடி அவனுங்க எல்லாம்?"

வேலியில் நின்ற முகங்கள் திரும்பின. ஒன்றாக. அவன் பக்கம்.

வேண்டாம். ஐயோ, வேண்டாம்.

அவளுக்குப் புனல் தேவைப்படவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஓடு, அலோய்ஸ்! ஓடு!"

அத்தனை அலோய்ஸ்களும் ஓடினார்கள். மேலே, அவனை நோக்கி.